இருந்தாலும் ஆயிரம், இறந்தாலும் ஆயிரம்

பதினேழு வயதுப் பையனுக்கு இந்த நாட்டில் ஓட்டுப் போட வயது பத்தாது. பதினேழு வயது வண்டிக்குச் சாலையில் ஓட வயது மிஞ்சிவிட்டது. எழுபத்தேழு வயதுக்காரர் நாட்டையே ஓட்டலாம். அங்கே வயதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பேசினால் மரியாதைக் குறைவு.

என்னிடம் இருப்பது 2008 டிசம்பரில் பதிவான ஒரு குட்டி யானை. ஆர்.சி. புத்தகத்தில் அதற்கு வேறு பெயர். டாடா நிறுவனம் 2005 மே மாதம் ஏஸ் என்று பெயர் சூட்டி இறக்கியது. தமிழ்நாடு அந்தப் பெயரைச் சட்டை செய்யவில்லை. பார்த்ததுமே குட்டி யானை என்றது. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், பதினாறு குதிரைத் திறன், முக்கால் டன் சுமை. வந்த புதிதில் விலை சுமார் இரண்டேகால் லட்சம். மூன்று சக்கரத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தவர்களை நான்கு சக்கரத்துக்கு ஏற்றிவிட்ட வண்டி.

நான் அதற்கு மூன்றாவது கை. லோடு அடித்துப் பிழைக்கிறேன். விடிகாலையில் மார்க்கெட்டிலிருந்து காய்கறி மூட்டை. பத்து மணிக்கு வாடகை வீடு மாறுகிறவரின் பீரோ. சாயங்காலம் கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. யானைக்குக் கொள்கை கிடையாது. எஜமானர்களிடமிருந்து கற்றுக்கொண்டது.

போன வருடக் கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கிளட்ச் பிளேட், பின் பிரேக் ஷூ, உடைந்த ஸ்பிரிங் பட்டை ஒன்று, ஃபேன் பெல்ட், மூன்று முறை ஆயில். கூலியோடு சேர்த்து மெக்கானிக்குக்குப் போனது 13,800 ரூபாய். பதினேழு வருட வண்டி ஒரு வருடம் முழுக்க ஓட அவ்வளவுதான் ஆனது.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 16,049 ரூபாய். ஜிஎஸ்டி தனி. வண்டியை ஓட வைத்தவருக்குக் கொடுத்ததைவிட, ஓடலாம் என்ற காகிதத்துக்குக் கொடுத்தது அதிகம். இன்னும் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக் கணக்குக்கு நான் வரவே இல்லை. சாலை வரி இருக்கிறது. பசுமை வரி இருக்கிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்ன பாட்டி சரக்கு வாகனம் வைத்திருந்திருக்க வேண்டும்.

அந்த 16,049ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2022 ஜூன் முதல் வந்த விகிதம் அது. மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள நாலு சக்கர சரக்கு வாகனத்துக்கெல்லாம் ஒரே தட்டு. என் வண்டி சுமையோடு சேர்த்தே ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். ஏழரை டன் லாரிக்கும் எனக்கும் ஒரே பிரீமியம். குருவிக்கும் கழுகுக்கும் ஒரே கூண்டு வாடகை. ஏழரை என்ற எண்ணைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பழைய வண்டியை மலிவாக ஓட்டுவதில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. காலையில் ரேடியேட்டர் தண்ணீரைப் பார். ஆயிலைக் காலத்தில் மாற்று. கிரீஸ் அடிக்கச் சோம்பல் படாதே. கிளட்சில் காலை ஊன்றிக்கொண்டே ஓட்டாதே. முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றாதே. கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார். புதுச் சத்தம் ஏதாவது கேட்டால் பாட்டைச் சத்தமாக வைக்காதே, வண்டியை ஓரங்கட்டு. இவ்வளவுதான் வித்தை. இதற்குப் படிப்பு வேண்டாம். காது வேண்டும்.

என் மெக்கானிக்குக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லுவார். துருப்பிடித்த பாடிக்குத் தகடு வைத்து வெல்டிங் அடிப்பார். கதவு வேண்டும் என்றால் புதுப்பேட்டையில் யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தூக்கி எறிய வேண்டிய சாமானிலிருந்து இன்னும் இரண்டு வருட உழைப்பைப் பிழிந்து எடுப்பார். இதையே வெளிநாட்டுக்காரன் ஆங்கிலத்தில் சொன்னால் நம் அமைச்சர்கள் கருத்தரங்கம் நடத்துவார்கள். மறுசுழற்சி என்று பேனர் கட்டுவார்கள். அந்த பேனர் சாமானும் என் வண்டியில்தான் போகும்.

"அண்ணே, இந்த இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. இதோட பேப்பருக்குத்தான் ஆயுசு கம்மி" என்றார் ஒரு நாள். நாட்டு நடப்பைப் பற்றி நான் கேட்ட சிறந்த தலையங்கம் அது.

புது வண்டி வாங்கிவிட வேண்டியதுதானே என்பார்கள். சொல்கிறவர்களுக்கு மாதச் சம்பளம். பி.எஸ். 6 புகை விதி வந்தது 2020 ஏப்ரலில். புது வண்டியில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் என் மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதில்லை. கையைக் கழுவுகிறார். லேப்டாப் இருக்கிற இடத்துக்கு இழுத்துப் போகச் சொல்கிறார். அது போக மாதத் தவணை. இப்போது வண்டி எனக்காக ஓடுகிறது. அப்போது நான் வண்டிக்காக ஓட வேண்டும்.

இனி எஃப்.சி.

எட்டு வருடம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருடா வருடம் தகுதிச் சான்று வாங்க வேண்டும். வருடா வருடம் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் டிங்கரிங். பிறகு பெயின்ட். மணப்பெண்ணுக்கு நகை இரவல் வாங்குவது போல வண்டிக்கு நான்கு நல்ல டயர் வாடகைக்கு. முதலுதவிப் பெட்டி வாடகைக்கு. அந்தப் பெட்டியை நான் ஒரு முறை திறந்து பார்த்தேன். ஒரு பொட்டலம் பஞ்சும் காலாவதியான களிம்பும் இருந்தன. எத்தனை கல்யாணம் பார்த்த பெட்டியோ. எல்லாவற்றையும் முன்நின்று நடத்தி வைப்பவர் புரோக்கர். புரோகிதருக்கும் அவருக்கும் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். தட்சிணையில் வித்தியாசமே இல்லை.

சோதிக்கும் அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். அன்று அவர் பார்க்காத ஒரே பொருள் பிரேக். பெயின்ட்டைப் பார்த்தார். ஒளிரும் ஸ்டிக்கரைப் பார்த்தார். அதை எந்தக் கடையில் வாங்கினேன் என்று பார்த்தார். நான் வாங்கியது வேறு கடை. அந்த ஸ்டிக்கர் ஒளிராதாம். அவர் சொன்ன கடையில் அதே அகலம், அதே சிவப்பு, மூன்று மடங்கு விலை. அது ஒளிர்ந்தது. பணத்துக்கு எப்போதுமே பிரகாசம் அதிகம்.

புகைச் சான்றிதழ் கதை இன்னும் சுத்தம். ஒரு முறை இன்ஜினைக் கழற்றி லேத்துக்கு அனுப்பியிருந்தோம். சான்றிதழ் காலாவதி ஆகிற நாள். தெரிந்தவரிடம் சொன்னேன். நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு என்றார். அனுப்பினேன். சான்றிதழ் வந்தது. புகை அளவுக்குள் இருப்பதாகப் போட்டிருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. இன்ஜினே இல்லாத வண்டி எங்கிருந்து புகைவிடும்?

நானும் குற்றவாளிதான். டயரை இரவல் வாங்கினேன். போட்டோ அனுப்பினேன். ஒழுங்காகப் போனவன் மூன்று நாள் வாடகையை இழந்ததைப் பார்த்தவன் நான். சான்றிதழ் காலாவதியானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்கிறது விதி. நான் விண்ணப்பிக்கப் போன அன்று சர்வர் டவுன். மறுநாளும் டவுன். சர்வருக்கு எஃப்.சி. கிடையாது.

இந்தக் கூத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். முன்பு இலகு ரக வண்டிக்குச் சில நூறு ரூபாயில் முடிந்த காரியம். 2021 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல், பதினைந்து வயது தாண்டிய இலகு ரக வாகனத்தின் தகுதிச் சான்றுக்கு 7,500 ரூபாய் என்றது. 2025 நவம்பரில் இன்னோர் அறிவிப்பு. இருபது வயது தாண்டினால் 15,000. கனரக வண்டி என்றால் 25,000. நாட்டின் முதல் குட்டி யானைகள் சாலைக்கு வந்தது 2005இல். அவற்றுக்கு இருபது நிறைந்ததும் 2025தான். அரசு பிறந்தநாளை ஞாபகம் வைத்திருக்கிறது. வருடம் 15,000 வீதம் பதினைந்து வருடம் கட்டினால் இரண்டேகால் லட்சம். அந்த வண்டி அறிமுகமான விலை.

அதே பிரேக். அதே விளக்கு. அதே புகைக் குழாய். சோதிக்க ஆகும் நேரமும் அதே. ஐந்து வயது வண்டிக்கு ஒரு விலை, இருபது வயது வண்டிக்கு வேறொரு விலை. வண்டி தேறவில்லை என்றால் ஓட்டாதே என்று சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. தேறிய வண்டிக்கு எதற்கு அபராதம்? பிறந்த தேதியைக் கேட்டுப் பலன் சொன்னால் அதை ஜோசியம் என்போம். இவர்கள் விதி என்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி.

உடைத்துப் போட்டுவிடு என்கிறார்கள். பழைய வாகன அழிப்புக் கொள்கையை 2021 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் தொடங்கி வைத்தார். தாமாக முன்வந்து ஒப்படைக்கும் திட்டம் என்று அதற்குப் பெயர். கழுத்தில் கயிறைப் போட்டு இழுத்துக்கொண்டே தாமாக முன்வா என்பது நிர்வாகத் தமிழ். ஒப்படைத்தால் புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் கிடைக்கும் என்றார்கள். ஐந்து லட்ச ரூபாய் வண்டி என்றால் இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரம். புது வண்டிக்கு வாகன வரியில் தள்ளுபடியும் உண்டு. சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு 25 சதவீதம் வரை. வாடகை வண்டிக்காரனுக்கு 15 சதவீதம் வரை. எழுத்துப்பிழை இல்லை. காரில் கோயிலுக்குப் போகிறவருக்குக் கூடுதல் சலுகை. வண்டியில் சோறு தேடுகிறவனுக்குக் குறைவு.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பழமொழி. பொன் யாருக்கு என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டது. இருந்தால் கட்டணம். இறந்தால் இரும்பு. பிறகு புது யானைக்கு வரி, தவணைக்கு வட்டி. பாகனுக்கு அங்குசம்தான் மிச்சம்.

சுங்கச்சாவடிக்கு வாருங்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் வருடாந்திர பாஸ் கொடுக்கிறார்கள். தொடங்கியபோது 3,000 ரூபாய், 200 பயணம். நல்ல திட்டம். சொந்தக் காருக்கு உண்டு, ஜீப்புக்கு உண்டு, சொந்த வேனுக்கும் உண்டு. மஞ்சள் போர்டுக்குக் கிடையாது. அந்தக் காருக்குள் உட்கார்ந்திருப்பவர் காலையில் தின்ற இட்லிக்கு உளுந்து ஏற்றி வந்தவன் மஞ்சள் போர்டுக்காரன். சுதந்திர தினத்தன்று தொடங்கிய திட்டம். யாருக்குச் சுதந்திரம் என்று கேட்கக் கூடாது.

தில்லியில் 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிகளுக்கு பங்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்றார்கள். கார்க்காரர்கள் கொதித்தார்கள். செய்தி வாசிப்பவர்களும் சேர்ந்து கொதித்தார்கள். உத்தரவு பத்து நாள் தாங்கவில்லை, தள்ளி வைத்தார்கள். சிலர் கொதித்தால் ஆவி வரும். நாங்கள் கொதித்தால் ரேடியேட்டரைப் பார் என்பார்கள்.

பழையது ஆபத்து என்ற தத்துவம் எல்லார் வாசலிலும் நின்றால் நானும் வணங்குவேன். மிக்-21 போர் விமானம் 1963இல் விமானப் படையில் சேர்ந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று ஓய்வு பெற்றது. அறுபத்திரண்டு வருடம். எத்தனை விமானிகளின் உயிரை வாங்கியது என்பதை நாடு அறியும். வானத்தில் அணிவகுத்து வழியனுப்பினார்கள். சரி, அது ராணுவம். தரைக்கு வருவோம்.

2024 ஏப்ரலில் திருச்சியில் ஓர் அரசுப் பேருந்து வளைவில் திரும்பியது. நடத்துநர் இருக்கையோடு கழன்று சாலையில் விழுந்தார். பயணிகளுக்கு டிக்கெட் கொடுக்க வேண்டியவர் சக்கரத்துக்கு டிக்கெட் ஆகாமல் தப்பியது தெய்வாதீனம். அந்தப் பேருந்தும் ஏதோ ஒரு நாள் எஃப்.சி. வாங்கியிருக்கும்தானே? எந்தக் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்?

குஜராத்தில் மோர்பி தொங்கு பாலம் பழுது பார்த்து 2022 அக்டோபர் 26 அன்று திறக்கப்பட்டது. 30ஆம் தேதி அறுந்தது. 135 பேர் செத்தார்கள். பாலத்துக்குத் தகுதிச் சான்றே கொடுக்கவில்லை என்று நகராட்சி பிறகு சொன்னது. முக்கால் டன் ஏற்றும் வண்டிக்குச் சான்றிதழ் இல்லை என்றால் சாவியைப் பிடுங்குகிறார்கள். நூற்றுக்கணக்கானோர் ஏறும் பாலத்துக்குச் சான்றிதழ் இல்லை என்பது ஆற்றில் பிணம் தேடும்போது ஞாபகம் வருகிறது.

சாலைக்கு எஃப்.சி. யார் பார்க்கிறார்கள்? சாலைக் குழிகளால் மட்டும் 2022இல் 1,856 பேர் இறந்ததாக மத்திய அரசின் சொந்தக் கணக்கே சொல்கிறது. போன வருடம் என் வண்டியின் பட்டை உடைந்ததும் ஒரு குழியில்தான். அந்தக் குழி போட்டுப் பதினைந்து வருடம் ஆகவில்லை. சாலை போட்டே பதினைந்து மாதம் ஆகவில்லை. உடைத்தவர் அபராதம் கட்டவில்லை. உடைந்தவன் சாலை வரி கட்டினேன்.

காற்று கெடுகிறதாம். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. அக்கம்பக்கத்தில் குழந்தைகள் இருமின. அந்த மலையிடம் புகைச் சான்றிதழ் கேட்டது யார்? அதற்கு நம்பர் பிளேட் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்ப வழியில்லை.

நேர்மையாகவும் பேசிவிடுவோம். பழைய டீசல் இன்ஜின் புது இன்ஜினைவிடக் கூடுதலாகப் புகைக்கும். அது உண்மை. பிரேக் பிடிக்காத வண்டி கொலைகாரன். அதுவும் உண்மை. அப்படிப்பட்ட வண்டியை ஓரங்கட்டுங்கள். என் வண்டியாக இருந்தாலும் ஓரங்கட்டுங்கள். பதினேழு வயது என்பதற்காகச் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்துச் செய்யுங்கள். அதற்கு முதலில் பிரேக்கைப் பார்க்க வேண்டும். நான் கேட்பது சலுகை இல்லை. சோதனை. நிஜமான சோதனை. இன்ஜினை ஓடவிட்டுப் புகையை அளக்கும் சோதனை. சக்கரத்தைச் சுழலவிட்டு பிரேக்கை மிதிக்கும் சோதனை. தேறினால் எல்லாருக்கும் ஒரே கட்டணம். தேறாவிட்டால் என்ன ரிப்பேர் என்று எழுதிக் கொடுங்கள். என் மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

இதில் அரசுக்கு ஒரு சங்கடம் உண்டு. நிஜமாகச் சோதித்தால் நிறையப் புது வண்டிகளும் தேறாது. நிறைய அரசு வண்டிகளும் தேறாது. புரோக்கருக்கு வேலை இருக்காது. ஸ்டிக்கர் கடை மூட வேண்டிவரும். இத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வருமே என்ற கருணைதான் என் பிரேக்கை யாரும் பார்க்காததற்குக் காரணம்.

ஆரம்பத்தில் ஒரு எழுபத்தேழு வயதுக்காரரைச் சொன்னேன். அவருக்கு எஃப்.சி.யே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. அதற்கு அவர் நம் தெருவுக்கு வர வேண்டும். வருகிறார். புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டு வருகிறார். டயரெல்லாம் இரவல். ஸ்டிக்கர் தூரத்திலிருந்தே ஒளிர்கிறது. புரோக்கர் முதல் நாள் ராத்திரியே வீடு வீடாகக் கவரோடு வந்துவிட்டுப் போயிருப்பார். நாம் ஒன்றும் பார்ப்பதில்லை. முத்திரை குத்தி அனுப்பிவிடுகிறோம். அப்புறம் ஐந்து வருடம் அந்த வண்டிக்கு பிரேக் பிடிக்கவில்லை, புகை கக்குகிறது, குழியில் விடுகிறது என்று டீக்கடையில் புலம்புகிறோம்.

அந்த எஃப்.சி.க்கு பிரேக் இன்ஸ்பெக்டர் நீங்களும் நானும்தான். அடுத்த முறையாவது பிரேக்கைப் பாருங்கள்.